பூட்டு அவர்களுடையது, தறி நம்முடையது

செமஸ்டர் நெருங்கிவிட்டது, கார்ப்பரேட் அக்கவுண்டிங் புத்தகத்தின் மேல் தூசி படிந்து கிடக்கிறது. இந்த நேரத்தில் எதற்கு இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தாய் என்று கேட்காதீர்கள். வயிற்றெரிச்சல்தான் காரணம். எழுதினால்தான் அடங்கும்.

எங்கள் ஊர் மாகறல். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற வழியில், செய்யாற்றுக் கரையில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய கோயில் இருக்கிற ஊர் என்று சொன்னால் பெரியவர்களுக்குத் தெரியும். என் வயசுப் பசங்களிடம் "காஞ்சிபுரம் பக்கம்" என்று சொல்லி முடித்துக்கொள்வேன்.

என் சித்தப்பா பட்டுப்புடவைக்கு டிசைன் போடுகிறவர். முன்பெல்லாம் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வர்ணம் அடித்து, அதைப் பார்த்து அட்டையில் ஓட்டை போடுவார்கள். அந்த அட்டைகளை வரிசையாகக் கோத்து, தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால் அன்னமும் மாங்காயும் புடவையில் வரும். பல வருஷத்துக்கு முன்பு சித்தப்பா கம்ப்யூட்டருக்கு மாறினார். டிசைன் மென்பொருள் ஒன்றைக் கடன் வாங்கி, பில் போட்டு, வரி கட்டி வாங்கினார். அதோடு வந்ததுதான் இந்தக் கட்டுரையின் நாயகன். கட்டைவிரல் அளவில் ஒரு யூ.எஸ்.பி. குச்சி. டாங்கிள் என்பார்கள். அது செருகி இருந்தால்தான் மென்பொருள் திறக்கும். சித்தப்பா அதற்கு மஞ்சள் கயிறு கட்டி வைத்திருக்கிறார், தொலையாமல் இருக்க.

இப்போது பாவம் செய்தவன் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான்தான். விடுமுறைக்கு வீட்டுக்குப் போனபோது, அந்தக் கம்ப்யூட்டர் "அப்டேட் தயார்" என்று கேட்டுக்கொண்டே இருந்தது. படித்த பையன் இல்லையா, பொறுப்பாக அமுக்கிவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் சித்தப்பா எழுப்புகிறார். "டேய், இது சாவியைக் காணோம்னு சொல்லுது. சாவி இங்கதானே இருக்கு?" குச்சி செருகியபடியே இருக்கிறது. ஆனால் எப்போதும் எரிகிற சிவப்பு விளக்கு எரியவில்லை.

அது முகூர்த்தக் காலம். காஞ்சிபுரத்து முதலாளி ஒருவர் பார்டரை மாற்றிக் கேட்டிருந்தார். புது அட்டை வந்தால்தான் ஏற்ற முடியும் என்று மூன்று தறிகள் சும்மா நின்றன. நெய்கிறவர்களுக்கு மாதச் சம்பளம் கிடையாது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி. தறி நின்றால் அடுப்பும் நிற்கும். அதில் ஒரு தறி என் அத்தை வீட்டுத் தறி.

மென்பொருள் விற்ற இடத்துக்குப் போன் போட்டேன். பெயர் வேண்டாம். "சார், உங்க வெர்ஷனுக்கு சப்போர்ட் முடிஞ்சிடுச்சு. புது வெர்ஷன் வாங்கிக்கோங்க." விலை கேட்டேன். ஒரு நல்ல பைக் வாங்கலாம். "நாங்க காசு குடுத்து வாங்கினதுதானே சார் இது?" என்றேன். அந்தப் பக்கம் இருந்தவர் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க வாங்கினது சாஃப்ட்வேர் இல்ல சார். அதைப் பயன்படுத்துற லைசென்ஸ் மட்டும்தான்."

இந்த ஒரு வரிதான் என்னை எழுத வைத்தது.

சரி, முதலில் அந்தக் குச்சி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம். உள்ளே ஒரு சின்ன சிப், அதில் ஒரு ரகசியச் சாவி. மென்பொருள் அவ்வப்போது ஒரு கேள்வி கேட்கும், சரியான பதிலை அந்தச் சிப் மட்டும்தான் சொல்ல முடியும். இரண்டுக்கும் நடுவில் தரகர் மாதிரி இருப்பது டிரைவர் என்கிற சின்ன நிரல். அது கம்ப்யூட்டரின் அடிமடியில் உட்கார்ந்திருக்கும். அதனால்தான் ஆபரேட்டிங் சிஸ்டம் மாறும்போதெல்லாம் முதல் அடி அதற்கு விழுகிறது. பாதுகாப்பு விதிகள் கடுமையாகும்போது, பழைய டிரைவரைப் பார்த்து "நீ யார், உள்ளே வராதே" என்று நிறுத்திவிடும். குச்சியும் நன்றாக இருக்கும், மென்பொருளும் நன்றாக இருக்கும், நடுவில் தரகர் மட்டும் வாசலில் நிற்பார்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். மூன்றாவது நாள் ராத்திரி கண்டுபிடித்தேன். டாங்கிளைத் தயாரித்த நிறுவனமே புது டிரைவரை இலவசமாகக் கொடுக்கிறது. இறக்கிப் போட்டேன், விளக்கு எரிந்தது. செலவு ஒரு பைசா இல்லை. விற்றவர்கள் இதை முதல் நாளே ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மூன்று தறி, மூன்று நாள்.

உங்களில் யாருக்காவது இப்படி ஆனால் பதறாமல் இந்த வரிசையில் பாருங்கள்:

1. குச்சியை ஹப்பில் இருந்து எடுத்து, கம்ப்யூட்டரின் யூ.எஸ்.பி. துளையில் நேராகச் செருகுங்கள். முடிந்தால் அப்டேட் ஆகாத வேறு கம்ப்யூட்டரில், டிரைவரோடு போட்டுப் பாருங்கள். அங்கே வேலை செய்தால் குச்சிக்கு ஒன்றும் இல்லை.

2. விண்டோஸ் என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறங்கள். மஞ்சள் முக்கோணம் தெரிந்தால் சிக்கல் டிரைவரில்தான்.

3. டாங்கிளின் முதுகில் எழுதியிருக்கும் பெயரைப் பாருங்கள். மென்பொருள் விற்றவர் வேறு, டாங்கிள் செய்தவர் வேறு. டிரைவரை டாங்கிள் செய்தவரின் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பொதுவாக, குச்சியை வெளியே எடுத்துவிட்டு டிரைவரைப் போட்டு, அப்புறம்தான் செருக வேண்டும்.

4. சென்டினல் வகை என்றால், அதே கம்ப்யூட்டரின் பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட், 1947 என்ற போர்ட் எண்ணோடு திறந்தால் சாவி தெரிகிறதா என்று பார்க்கலாம். நம் சுதந்திர வருஷம், மறக்காது.

5. எதுவும் நடக்கவில்லை என்றால் அப்டேட் ஹிஸ்டரிக்குப் போய்க் கடைசி அப்டேட்டை நீக்கலாம். இது தற்காலிக வைத்தியம். பாதுகாப்பு அப்டேட் இல்லாமல் ரொம்ப நாள் ஓட்டக்கூடாது.

6. "கிராக்" தேடிப் போகாதீர்கள். வைரஸ் இலவசமாக வரும்.

இனி விஷயத்துக்கு வருவோம். "நீங்க வாங்கினது லைசென்ஸ் மட்டும்தான்."

நாங்கள் பி.காம். படிக்கிறவர்கள். வகுப்பில் வரிச் சட்டம் நடத்தும்போது ஒரு வழக்கு வரும். டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் எதிர் ஆந்திரப் பிரதேச அரசு, 2004. பெட்டியில் போட்டு விற்கிற மென்பொருள் "சரக்கு"தானா, அதற்கு விற்பனை வரி உண்டா என்பது கேள்வி. உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, அது சரக்குதான் என்று சொன்னது. 2022-இல் குவிக் ஹீல் வழக்கிலும், சி.டி.யில் விற்ற ஆன்டிவைரஸ் சரக்கு விற்பனைதான், அதன் மேல் சேவை வரி போட முடியாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆக, பெட்டியில் விற்கிற மென்பொருள், வரி வாங்கும்போது சரக்கு. கணக்குப் புத்தகத்திலும் நாம் அதைச் சொத்து என்றுதான் எழுதுகிறோம், வருஷா வருஷம் மதிப்பைக் குறைக்கிறோம். ஆனால் அது நின்றுபோன அன்றைக்கு மட்டும் வெறும் அனுமதிச் சீட்டு ஆகிவிடுகிறது. ஒரே பொருள் எப்படி பில்லில் சரக்காகவும் சர்வீஸில் சீட்டாகவும் இருக்க முடியும்? சரக்கு என்று சொல்லிக் காசு வாங்கினால், சரக்குக்கு உண்டான பொறுப்பும் வர வேண்டும். என் வாதம் இவ்வளவுதான்.

"மென்பொருளின் ஆயுள் குறுகியது என்று கணக்கியல் தரநிலை 26-லேயே இருக்கிறதே" என்று என் வகுப்புத் தோழன் மடக்கினான். நியாயம். தொழில்நுட்பம் பழசாகும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் சித்தப்பாவின் மென்பொருள் பழசாகவில்லை. முந்தின நாள் சாயங்காலம் வரை மாங்காய் போட்டுக்கொண்டிருந்தது. அது பூட்டிக்கொண்டது. பழசாவது வேறு, பூட்டிக்கொள்வது வேறு.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2015-இல் விண்டோஸ் 10 வந்தபோது சேஃப்டிஸ்க் என்ற பூட்டுப் போட்ட பழைய கேம் சி.டி.க்கள் ஓடவில்லை. அந்தப் பூட்டின் டிரைவரில் பாதுகாப்பு ஓட்டை இருந்ததால் மைக்ரோசாப்ட் அதை ஒதுக்கியது. அதே ஆண்டு செப்டம்பரில் பழைய விண்டோஸ்களிலும் ஓர் அப்டேட் மூலம் அதை நிறுத்தியது. காசு கொடுத்து சி.டி. வாங்கியவன் மாட்டிக்கொண்டான், பூட்டை உடைத்த நகலை வைத்திருந்தவன் விளையாடிக்கொண்டே இருந்தான். டாங்கிளுக்குச் சொந்தக்காரத் தம்பியான டிஜிட்டல் கையொப்ப டோக்கன் இருக்கிறதே, ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கிற சீனியர்களுக்குத் தெரியும், அந்த வகைக்கும் அடி விழுந்தது. 2025 அக்டோபர் அப்டேட்டுக்குப் பிறகு சில செயலிகளில் ஸ்மார்ட் கார்டு சான்றிதழ்கள் வேலை செய்யாமல் போகலாம், ஆவணங்களில் கையொப்பமிட முடியாமல் போகலாம் என்று மைக்ரோசாப்டே அறிவித்தது.

அப்டேட்டே கூடாது என்று சொல்ல வரவில்லை. பூட்டுகளிலும் ஓட்டை உண்டு. சென்டினல் டாங்கிள்களின் மென்பொருளில் 14 பாதுகாப்புக் குறைகள் இருப்பதாக 2018 ஜனவரியில் காஸ்பர்ஸ்கி ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குச்சியைக் கழற்றிய பிறகும் அந்த 1947 போர்ட் திறந்தே கிடந்ததாம். ஆக அப்டேட் வேண்டும். அதனால் உடைவதைச் சரிசெய்யும் பொறுப்பு யாருடையது என்பதுதான் கேள்வி.

எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். பட்டு டிசைனுக்கு மென்பொருள் எழுதுகிறவனுக்கு எத்தனை வாடிக்கையாளர் கிடைப்பார்கள்? பூட்டு இல்லாமல் ஒரு சி.டி. கொடுத்தால் ஒரே வாரத்தில் காஞ்சிபுரம் முழுக்கப் பரவிவிடும். சித்தப்பாவே சொன்னார்: "பூட்டு இல்லன்னா நானே மச்சானுக்கு காப்பி போட்டுக் குடுத்திருப்பேன்." அதனால் பூட்டு தப்பு என்று நான் சொல்லவில்லை. பூட்டு போட்டவன் சாவியைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறேன்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். டாங்கிள் பழுதாகி, மாற்றோ ரிப்பேரோ சந்தையில் கிடைக்காத நிலை என்றால், அந்தப் பூட்டைத் தாண்டிப் போவது குற்றமில்லை என்று 2003, 2006, 2010 ஆகிய மூன்று முறையும் விதிவிலக்கு கொடுத்தார்கள். நம் காப்புரிமைச் சட்டத்தில் 2012-இல் 65ஏ பிரிவு வந்தது. உரிமையை மீறும் நோக்கத்தோடு பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டு வரை சிறை. நோக்கம் என்ற சொல் இருப்பது நல்லதுதான். ஆனால் காசு கொடுத்து வாங்கியவன் தன் செத்துப்போன டாங்கிளைத் தாண்டலாம் என்று அமெரிக்காவில் சொன்ன மாதிரி பளிச்சென்று ஒரு வரி இல்லை. மாகறலில் டிசைன் போடுகிறவர் வக்கீல் வைத்து வாதாடியா தெரிந்துகொள்வார்?

2022-இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை "ரிப்பேர் செய்யும் உரிமை" பற்றி ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டு உபயோகப் பொருள், வாகனம் என்று நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். தொழில் மென்பொருளும் அதன் பூட்டும் அதில் இல்லை. அதையும் சேர்க்க வேண்டும். நான் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, டாங்கிளோடு விற்கிறவர் எத்தனை வருஷம் டிரைவருக்குப் பொறுப்பு என்று பில்லிலேயே எழுத வேண்டும். இரண்டு, டாங்கிள் பழுதானால் குச்சியின் விலைக்கு மாற்றுக் குச்சி தர வேண்டும், மென்பொருளின் முழு விலைக்கு அல்ல. மூன்று, ஒரு வெர்ஷனைக் கைவிடும் அன்றைக்கு அதை வாங்கியவர்களுக்குப் பூட்டைத் திறந்து விட வேண்டும்.

அதுவரை? 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஒரு நல்ல வரி இருக்கிறது. வணிகத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார், ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டும் வாங்கியவர் நுகர்வோர்தான். சித்தப்பா மாதிரி ஆட்களுக்குத்தான் அந்த வரி. 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம். "லைசென்ஸ் மட்டும்தான் சார்" என்று கேட்டவுடன் வாயை மூடிக்கொள்ளாதீர்கள், நான் மூடிக்கொண்ட மாதிரி.

அத்தை வீட்டுத் தறி இப்போது ஓடுகிறது. போன வாரம் போனபோது ஜக்கார்டு பெட்டியில் ஓர் அட்டை கிழிந்திருந்தது. மாமா கொஞ்சம் பசை, ஒரு துண்டு அட்டை எடுத்து ஒட்டி, ஓட்டையைக் குத்தி, பத்து நிமிஷத்தில் மாட்டிவிட்டார். யாருக்கும் போன் போடவில்லை. ஜக்கார்டு 1804-இல் கண்டுபிடித்த சமாச்சாரம், அதுவும் ஒரு நிரல்தான். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூன்று நாள் கூலியை அவர்கள் என்னிடம் கேட்கவே இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

பி.கு.: அடுத்தவர் கம்ப்யூட்டரில் அப்டேட்டை அமுக்கும் முன் கேட்டுவிட்டு அமுக்குங்கள். அனுபவஸ்தன் சொல்கிறேன்.