நாள் தெரிந்த செலவு

பண்டிகைகள் முன்னறிவிப்பின்றி வருவதில்லை. ஓணம், விநாயகர் சதுர்த்தி, நவராத்திரி, துர்கா பூஜை, தீபாவளி, சத் பூஜை, குருநானக் ஜெயந்தி, கிறிஸ்துமஸ் எனத் தொடர்ந்து, லோரியிலும் பொங்கலிலும் நிறைவுறும் இக்காலம் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் நீள்கிறது. நாள்காட்டி அச்சாகும்போதே இந்நாள்கள் அதில் இடம்பெற்றுவிடுகின்றன. அக்டோபர் நடுப்பகுதிக்கும் நவம்பர் நடுப்பகுதிக்கும் இடையில் தீபாவளி வரும் என்பதைச் சிறுவர்களும் அறிவர். ஆயினும், வாடிக்கையாளர்களின் வரவுசெலவை ஆண்டுதோறும் அருகிலிருந்து காணும் வங்கிப் பணியாளர்களாகிய நாங்கள் ஒன்றைக் கவனித்து வருகிறோம். மருத்துவச் செலவைப் போல, எதிர்பாராமல் நேர்ந்த ஒரு செலவாகவே பல இளங்குடும்பங்கள் பண்டிகையை எதிர்கொள்கின்றன.

இதற்கு ஆடம்பர மோகமே காரணம் என்று மூத்தோர் பலர் கூறுவதுண்டு. எங்கள் கருத்து அதனின்று சற்று வேறுபடுகிறது. இன்றைய இளங்குடும்பங்களுக்குப் பணத்தைக் காட்டிலும் அரிதாயிருப்பது நேரம். உரிய காலத்தில் அமர்ந்து பேசி முடிவெடுக்க நேரமில்லாமையால், அம்முடிவுகள் யாவும் கடைசி வாரத்திற்குத் தள்ளப்படுகின்றன. கடைசி வாரத்தில் எடுக்கும் முடிவு எதுவாயினும் அதன் விலை கூடுதலாகவே இருக்கும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். குருகிராமில் வாழும் ஓர் இளங்குடும்பம். கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்பவர்கள். பள்ளியில் பயிலும் குழந்தைகள் இருவர். மனைவியின் பெற்றோர் கொல்கத்தாவிலும் கணவனின் பெற்றோர் பாட்னாவிலும் வாழ்கின்றனர். துர்கா பூஜையைக் கொல்கத்தாவிலும் சத் பூஜையைப் பாட்னாவிலும் கழிக்க வேண்டும் என்பது இரு குடும்பத்தாரின் விருப்பம். விஜயதசமிக்கு ஏறத்தாழ இருபது நாள் கழித்துத் தீபாவளி. அதற்கு ஆறாம் நாள் சத் பூஜை. ஆக, ஒரு மாதத்திற்குள் இரண்டு நெடும் பயணங்களும் வீட்டில் ஒரு கொண்டாட்டமும் அமைகின்றன. இதே நாள்களில்தான் அலுவலகத்தில் அரையாண்டுக் கணக்கு முடிப்பும், குழந்தைகளுக்குத் தேர்வும் வருகின்றன. ஊர்களின் பெயரையும் பண்டிகைகளின் பெயரையும் மாற்றினால், இந்நிலை நம் வாசகர் பலருடைய இல்லத்திற்கும் பொருந்தும்.

இனி, தாமதத்தின் விலையைக் காண்போம். இரயில் முன்பதிவுக்கான கால வரம்பு 2024 நவம்பர் 1 முதல் 120 நாள்களிலிருந்து 60 நாள்களாகக் குறைக்கப்பட்டது. நவம்பர் மாதப் பயணத்திற்கு செப்டம்பரிலேயே முடிவெடுத்தாக வேண்டும். அந்த வாரம் தவறினால் தட்கல். அதுவும் கிடைக்காவிடில் விமானம். நான்கு பேருக்கான விமானக் கட்டணம் இரயில் கட்டணத்தைப்போல் பல மடங்காகும். உறவினருக்கான பரிசுகளை நள்ளிரவில் கைப்பேசியில் தேடும்போது கண்ணில் முதலில் படுவதே வாங்கப்படுகிறது. இனிப்பு வகைகளும் புத்தாடைகளும் அவ்வாறே. கையில் ரொக்கம் இல்லாதபோது, இவை அனைத்தும் கடன் அட்டையில் ஏறுகின்றன.

அட்டையின் நிலுவை ரூ.40,000 என்று வைத்துக்கொள்வோம். உரிய நாளில் முழுத் தொகையையும் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. குறைந்தபட்சத் தொகையை மட்டும் செலுத்தி எஞ்சியதைத் தள்ளிவைப்போருக்கு, மாதம் 3.5 விழுக்காடு எனக் கொண்டால், முதல் மாத வட்டி ஏறத்தாழ ரூ.1,400. அவ்வட்டியின் மீது 18 விழுக்காடு ஜிஎஸ்டி ரூ.252. ஆண்டுக் கணக்கில் இது 42 விழுக்காட்டு வட்டியாகும். மேலும், நிலுவையை முழுமையாகத் தீர்க்காதவரை, புதிதாக வாங்கும் மளிகைப் பொருளுக்கும் வட்டியில்லாச் சலுகைக் காலம் கிடைப்பதில்லை. வாங்கிய நாளிலிருந்தே வட்டி கணக்கிடப்படும். நவம்பரில் உண்ட இனிப்புக்கு மார்ச்சிலும் வட்டி செலுத்தும் குடும்பம், ஏப்ரலில் பள்ளிக் கட்டணத்தையும் எதிர்கொள்ள வேண்டியிருக்கிறது.

‘வட்டியில்லாத் தவணை’ என்னும் அறிவிப்பையும் ஆராய்ந்து பார்த்தல் நலம். ரூ.36,000 விலையுள்ள குளிர்பதனப் பெட்டி, மாதம் ரூ.3,000 வீதம் 12 தவணைகளில் கிடைக்கிறது எனக் கொள்வோம். ஆண்டு வட்டி 15 விழுக்காடு எனில், அத்தவணைகளுக்குள் ஏறத்தாழ ரூ.2,760 வட்டியாக அடங்கியுள்ளது. அத்தொகையை விற்பனையாளர் தள்ளுபடியாக ஈடுசெய்கிறார். ஆயினும், அவ்வட்டியின் மீதான ஜிஎஸ்டி ஏறத்தாழ ரூ.500, செயலாக்கக் கட்டணம் ஆகியவை வாங்குபவரைச் சேரும். முழுப்பணம் செலுத்துவோருக்குத் தனித் தள்ளுபடி இருக்குமாயின், அதையும் அவர் இழக்கிறார். பூஜ்ய விழுக்காட்டு வட்டி என்பதே இல்லாத ஒன்று என்று இந்திய ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்குத் தெளிவுபடுத்தியுள்ளது. தவணையில் வாங்கவே கூடாது என்பது எங்கள் கருத்தன்று. விலை, வட்டி, வரி, கட்டணம் ஆகிய நான்கையும் கூட்டிப் பார்த்த பின்னர் வாங்குக என்பதே வேண்டுகோள்.

கடன் வழங்குவதும் எங்கள் தொழில்தானே, அவ்வாறிருக்க இவ்வறிவுரை எதற்கு என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேட்கத்தக்க கேள்விதான். கடன் நல்ல கருவி. அதற்குரிய இடம் வேறு. வாங்கும் பொருள், அதற்கான தவணைகள் முடிந்த பின்னும் நெடுங்காலம் பயன்தருமாயின் கடன் பொருத்தமானது. துணி துவைக்கும் இயந்திரத்திற்கு இது பொருந்தும். மூன்று நாள் பயணத்திற்கும் ஒரு வேளை விருந்துக்கும் பொருந்தாது. திரும்பச் செலுத்த இயலாமல் துன்புறும் வாடிக்கையாளரால் வங்கிக்கும் நன்மை விளைவதில்லை.

இதில் நம் முந்தைய தலைமுறையினர் நமக்கு வழிகாட்டிகள். தமிழ்நாட்டுத் தெருக்களில் தீபாவளிச் சீட்டு நடந்ததை நம்மில் பலர் அறிவோம். மாதந்தோறும் சிறு தொகை கட்டி, பண்டிகை நெருங்கும்போது பணமாகவோ பொருளாகவோ பெற்றுக்கொண்டனர். அம்முறையின் ஒழுங்கு போற்றத்தக்கது. பாதுகாப்பு மட்டும் ஐயத்திற்குரியதாக இருந்தது. நடத்தியவர் மறைந்துவிட்டால் ஓராண்டுச் சேமிப்பும் உடன் மறைந்தது. சீட்டு நிறுவனங்களுக்கு 1982ஆம் ஆண்டுச் சட்டமும், முறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடைசெய்ய 2019ஆம் ஆண்டுச் சட்டமும் உள்ளன. பதிவு பெறாத திட்டங்களில் பணம் கட்டுவதை இன்றும் தவிர்த்தல் வேண்டும்.

அந்த ஒழுங்கைப் பாதுகாப்பான இடத்தில் தொடர்வதற்கு வழி எளிது. சென்ற பண்டிகைக் காலத்தில் மொத்தம் எவ்வளவு செலவாயிற்று என்பதைக் கணக்கு அறிக்கையிலிருந்து கூட்டிப் பாருங்கள். அது ரூ.48,000 எனில், பன்னிரண்டால் வகுக்க மாதம் ரூ.4,000. சம்பளம் வரும் நாளிலேயே அத்தொகை தொடர் வைப்புக் கணக்கிற்குத் தானாகச் செல்லுமாறு அறிவுறுத்தல் கொடுத்துவிட்டால், பின்னர் அதைப் பற்றி எண்ண வேண்டியதில்லை. ஆண்டுக்கு 6 விழுக்காடு வட்டி எனக் கொண்டாலும், முடிவில் ரூ.1,500க்கு மேல் வட்டி சேரும். கடன் அட்டையில் முதல் மாதத்திலேயே கைவிட்டுப் போகும் தொகைக்கு ஏறக்குறைய ஈடான ஒன்று, இங்கே நமக்கு வரவாகிறது. போனஸ் வரட்டும் என்று காத்திருப்போரும் இதை எண்ணிப் பார்க்கலாம். சட்டம் குறிக்கும் குறைந்தபட்சப் போனஸ் 8.33 விழுக்காடு, அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. தனியார் நிறுவனங்களில் பணிபுரியும் இளைஞர் பலருக்குப் பண்டிகையை ஒட்டிப் போனஸ் வருவதே இல்லை. அவர்கள் தமக்குத் தாமே வழங்கிக்கொள்ளும் போனஸாகத் தொடர் வைப்பைக் கருதலாம்.

பணத்தைப் போன்றே நேரத்தையும் முன்கூட்டி ஒதுக்க வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு மணி நேரம் போதும். குடும்பத்தினர் அனைவரும் அமர்ந்து மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். இவ்வாண்டு எந்தப் பண்டிகைக்கு எந்த ஊர்? பரிசு பெறுவோர் யாவர், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு? எந்த வேலை யாருடையது? மூன்றாவது கேள்வியைப் பல வீடுகளில் கேட்பதே இல்லை. பணிக்குச் செல்லும் பெண்ணே பலகாரம், வீட்டுத் தூய்மை, உறவினர் உபசரிப்பு, குழந்தைகளின் ஆடை ஆகிய அனைத்தையும் சுமக்கிறார். அவர் களைப்புற்றுக் கடையில் வாங்கியதைச் செலவு என்று குறைகூறுவது நியாயமாகாது. வேலையைப் பகிர்ந்தால் செலவும் தானே குறைகிறது. எல்லாப் பண்டிகைகளையும் ஒரே அளவில் கொண்டாட வேண்டும் என்பதும் இல்லை. இவ்வாண்டு துர்கா பூஜைக்குக் கொல்கத்தா, அடுத்த ஆண்டு சத் பூஜைக்குப் பாட்னா என முறைவைத்துக் கொள்ளலாம். இதை இரு வீட்டுப் பெரியோர்களிடமும் முன்னதாகவே தெரிவித்துவிட்டால் மனத்தாங்கலுக்கும் இடமிராது.

இவ்வமர்வில் குழந்தைகளும் இருத்தல் நன்று. பாட்டிக்குப் பரிசு வாங்க ரூ.500 தந்து, தேர்வை அவர்களிடமே விட்டுவிடலாம். பண்டிகையில் பெரியோர் தரும் பணத்தைக் குழந்தையின் பெயரிலேயே சேமிக்கலாம். 10 வயது நிறைந்த சிறார், வங்கி வகுக்கும் வரம்புகளுக்கு உட்பட்டுத் தம் சேமிப்புக் கணக்கைத் தாமே இயக்க ரிசர்வ் வங்கியின் விதிகள் இடமளிக்கின்றன.

அவசரத்திற்கு இன்னொரு விலையும் உண்டு. பரிசுப் பொதி வந்துள்ளது, முகவரியைச் சரிபார்க்க இணைப்பைத் திறக்கவும் என்ற போலிச் செய்திகள் பண்டிகை நாள்களில் பெருகுகின்றன. பல பொருள்களை ஒரே வாரத்தில் வாங்கிய ஒருவர், எது மெய் எது பொய் என்று பிரித்தறிய இயலாமல் தடுமாறுவார். யுபிஐ வழியாகப் பணம் பெறுவதற்கு இரகசிய எண்ணைப் பதிவிட வேண்டியதில்லை என்பதை வீட்டிலுள்ள மூத்தோருக்கும் சொல்லி வையுங்கள். ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தால், உடனே வங்கிக்கும் 1930 என்ற உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.

கணக்குப் பார்த்துக் கொண்டாடினால் மகிழ்ச்சி குன்றாதா என்று சிலர் வினவலாம். நமக்காகப் பண்டிகையை உருவாக்கித் தருவோரைப் பாருங்கள். மகாராஷ்டிரத்தின் பேண் நகரில் விநாயகர் சிலை வடிப்போரும், சிவகாசியில் பட்டாசுத் தொழிலாளரும் ஒரு சில நாள்களுக்காக ஆண்டின் பெரும்பகுதியை உழைப்பில் கழிக்கின்றனர். கொல்கத்தாவின் குமார்துலியில் துர்கையின் திருவுருவங்களுக்கு மண் பிசையும் வேலை பல மாதங்களுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. முன்னேற்பாடு அவர்தம் கைவினையின் அழகைக் குறைக்கவில்லை. குஜராத்தி வணிகர்களோ, தீபாவளியன்று கணக்கேடுகளையே வழிபட்டுப் புத்தாண்டுக் கணக்கைத் தொடங்குகின்றனர். கணக்கும் கொண்டாட்டமும் பகையல்ல என்பதற்கு அவ்வழக்கம் ஒன்றே போதிய சான்று.

இவ்விதழ் உங்கள் கைக்கு வரும் மாதம் எதுவாயினும், அடுத்த தீபாவளிக்கு எத்தனை மாதங்கள் உள்ளன என்று எண்ணிப் பாருங்கள். உத்தேசச் செலவை அவ்வெண்ணால் வகுத்து, இந்த மாதத்திலிருந்தே ஒதுக்கத் தொடங்குங்கள். ஆறு மாதங்களே எஞ்சியிருந்தாலும் ஆறு மாதத் தொடர் வைப்பு உண்டு. கிளைக்கு நேரில் வர இயலாதோர் வங்கியின் கைப்பேசிச் செயலி வழியே சில நிமிடங்களில் அதைத் தொடங்கலாம்.