காலநிலை இடரும் சமூகமும்: முதுநிலைப் படிப்பு குறித்த நிலைப்பாடு

காலநிலை இடர் என்பது புயலோ வெள்ளமோ மட்டுமன்று. வந்து தாக்கும் நிகழ்வு, அதன் வழியில் இருக்கும் மக்கள், அவர்களின் தாங்கும் வலு மூன்றும் சேர்ந்ததே இடர். காலநிலை மாற்றத்துக்கான அரசுகளுக்கிடையிலான குழு (ஐபிசிசி) 2014-இல் வெளியிட்ட மதிப்பீட்டு அறிக்கையும் இடரை இப்படித்தான் விளக்குகிறது. முதலாவதைக் கட்டாயப் பாடமாகவும் மற்ற இரண்டையும் விருப்பப் பாடமாகவும் வைக்கும் முதுநிலைப் படிப்பு, இடரின் ஒரு பகுதியையே கற்பிக்கிறது என்பது எங்கள் கருத்து.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தபோது, தூத்தூர் வட்டார மீனவர் பலர் கரையிலிருந்து வெகு தொலைவில் இருந்தனர். ஆழ்கடலில் நாள்கணக்கில் தங்கி மீன்பிடிப்பது அவர்களின் தொழில்முறை. படகு புறப்பட்டபோது எச்சரிக்கை இல்லை. எச்சரிக்கை வந்தபோது அது அவர்களை எட்டவில்லை. கணிப்பை எவ்வளவு துல்லியமாக்கினாலும், படகு எத்தனை நாள் கடலில் தங்கும், வயர்லெஸ் எவ்வளவு தூரம் எட்டும், வெறும் படகோடு திரும்பினால் டீசல் கடனை யார் அடைப்பது என்பவை தெரியாமல் எச்சரிக்கை முறையை வகுக்க முடியாது.

1995 ஜூலையில் சிகாகோவில் 700-க்கும் மேற்பட்டோர் வெப்பத்தால் இறந்தனர். சமூகவியலாளர் எரிக் கிளினென்பெர்க் ஒப்பிட்ட அடுத்தடுத்த இரு ஏழைப் பகுதிகளில் இறப்பு விகிதம் பெரிதும் வேறுபட்டது. கடைத்தெருவில் ஆள் நடமாட்டம் இருந்த பகுதியில் முதியோர் வெளியே வந்து பிழைத்தனர். வெப்பமானி இந்த வேறுபாட்டைக் காட்டாது.

ஆகவே நில உரிமை, கூலி, சாதி, பாலினம், நிவாரணம் ஆகியவை கட்டாயப் பாடங்களாக வேண்டும். எந்தப் பட்டதாரியும் இப்படிப்பில் சேரலாம் என்ற நிலை வேண்டும். புள்ளியியலில் பின்தங்குவோருக்கு முதல் பருவத்தில் தனி வகுப்பு போதும். இதனால் அறிவியல் நீர்த்துப்போகும் என்ற வாதத்தை ஏற்பதற்கில்லை. எடுத்துக்காட்டாக, தமிழ்நாடு அரசு 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. ஆனால் சித்தாள் ஒருவர் வேலைத்தளத்தில் மயங்கி விழுந்து இறந்தால் அது வெப்பச் சாவா, யார் சான்றளிப்பது? மருத்துவமும் சமூகவியலும் சேர்ந்தே விடை சொல்ல வேண்டிய கேள்வி இது.

களப்பணிக்கு ஒரு முழுப் பருவம் தேவை. வேனில் போய்ப் படிவம் நிரப்பி மாலைக்குள் திரும்புவதைக் களப்பணியாகக் கணக்கிடக் கூடாது. பேரிடரில் உறவினரை இழந்தோரிடம் அவர்கள் இசைவின்றிக் கேள்வி கேட்பதையும் பல்கலைக்கழகங்கள் தடுக்க வேண்டும். ஆய்வேட்டின் முடிவுகளை எளிய தமிழில் எழுதி, தகவல் தந்த ஊரின் கிராம சபையிலோ மீனவர் சங்கத்திலோ வாசித்த பிறகே பட்டம் வழங்கப்பட வேண்டும்.