மீன்களைக் கொன்றதில் நீரோட்டத்திற்கும் பங்குண்டு

2015 பிப்ரவரி இறுதியில் ஜோகூர் நீரிணையின் கிழக்குப் பகுதியில் கூண்டு கூண்டாக மீன்கள் செத்து மிதந்தன. 77 பண்ணைகளில் 500 முதல் 600 டன் வரை இழப்பு. கார்லோடினியம் போன்ற ஒற்றைச் செல் மிதவை உயிரிகள் திடீரெனப் பெருகியதே காரணம். “கடலில் கழிவு கூடிவிட்டது, அதனால் பெருகின” என்று மாணவர்கள் எழுதினால் நான் பாதி மதிப்பெண்தான் தருவேன்.

கழிவும் மழைநீரும் கொண்டுவரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் எல்லாத் தாவர மிதவை உயிரிகளுக்கும் பொதுவான உணவு. பிறகு ஏன் இந்த வகை மட்டும் முந்திக்கொண்டது?

நீரின் அசைவைக் கவனியுங்கள். டயட்டம்களுக்குக் கண்ணாடி போன்ற சிலிக்கா ஓடு உண்டு; நீந்தத் தெரியாது. நீர் கலங்கிக்கொண்டே இருந்தால்தான் அவை மூழ்காமல் வெளிச்சத்தில் தங்கும். ஆழத்துக் குளிர்நீர் மேலெழும் பெரு நாட்டுக் கடலோரத்தில் டயட்டம்கள் கொழிப்பதும், அதனால் அங்கே நெத்திலி குவிவதும் இப்படித்தான். கார்லோடினியமோ டைனோஃபிளாஜெல்லேட் இனம். அதற்கு இரண்டு சாட்டையிழைகள் உண்டு. நீர் அசையாமல் அடுக்கடுக்காகப் பிரிந்தால், மேலே ஒளிக்கும் கீழே சத்துக்கும் அது தானே நீந்திப் போய்வரும். ஸ்பானிய அறிஞர் ரமோன் மார்காலெஃப் 1978-இலேயே இந்தப் போட்டியை விளக்கிவிட்டார்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். 1924-இல் திறக்கப்பட்ட கடற்பாலம் ஜோகூர் நீரிணையை இரண்டு முட்டுச்சந்துகளாக்கிவிட்டது. தெற்கே சிங்கப்பூர் நீரிணையில் நிலைமை வேறு. வடகிழக்குப் பருவக்காற்றின்போது தென்சீனக் கடல் நீர் வருகிறது. தென்மேற்கின்போது ஜாவா கடல் பக்கமிருந்து வரும் நீர், சுமத்ராவின் கரிச்சதுப்பு நிலங்களின் பழுப்புச் சாயத்தையும் சுமந்து வந்து வெளிச்சத்தைக் குறைக்கிறது. ஒரே தீவின் இரு கரைகள், இரு வேறு கடல்கள்!

இதை நம் வகுப்பறைகள் சொல்வதில்லை என்பதே என் குறை. நீரோட்டம் புவியியல் பாடத்தில் சிவப்பு, நீல அம்புக்குறிகளோடு முடிந்துவிடுகிறது. மிதவை உயிரி, அறிவியல் பாடத்தின் உணவுச் சங்கிலியில் முதல் பெட்டியோடு சரி. இரண்டையும் ஒரே பாடத்தில், ஜோகூர் நீரிணையை வைத்தே நடத்தலாம்.

அதற்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். அரைநிலா நாள்களை ஒட்டி ஓத ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. நீரிணையில் நீர் மாறுவதும் குறைவு. வெயிலும் மழையும் கூடவே வந்தால் பண்ணைக்காரர்களுக்கு அவை பதற்றமான நாள்கள். ஓத அட்டவணையை எடுத்து, அடுத்த மாதத்தில் அப்படிப்பட்ட நாள்களை நாள்காட்டியில் வட்டமிட்டு வரச் சொல்லலாம்.