'ஹி'க்குள் அடங்கிய 'ஷி'

2000 ஜனவரியில் அமெரிக்க வட்டார வழக்குக் கழகத்தினர் கூடி, கடந்த ஆயிரம் ஆண்டுகளின் சொல் எது என்று வாக்கெடுத்தார்கள். வென்றது 'ஷி'. கனமான பெயர்ச்சொற்கள் எத்தனையோ இருக்க, ஒரு துக்கடா பிரதிப்பெயர். தேர்வில் நியாயம் இருந்தது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஆங்கிலத்தில் அந்தச் சொல்லே கிடையாது.

பழைய ஆங்கிலத்தில் ஆணுக்கு 'ஹே', பெண்ணுக்கு 'ஹேயோ'. ஒலி தேய்ந்து பல வட்டாரங்களில் இரண்டும் ஒன்றாகிப்போயின. நமக்கென்றால் கவலையில்லை, வந்தானா, வந்தாளா என்று வினைமுற்றே காட்டிக்கொடுத்துவிடும். ஆங்கில வினைக்கு அந்த வசதி இல்லாததால் பாரம் முழுக்கப் பிரதிப்பெயரின் தலையில்தான். பன்மைக்கும் ஏறக்குறைய இதே நெருக்கடி. அதற்கு வைக்கிங்குகளின் மொழியிலிருந்து 'தே'யைக் கடன் வாங்கிச் சமாளித்தார்கள்.

'ஷி'யின் மிகப் பழைய எழுத்துச் சான்று பீட்டர்பரோ மடத்துத் துறவிகளின் நாளாகமத்தில், 1150-களில் எழுதப்பட்ட பகுதியில் கிடைக்கிறது. எங்கிருந்து வந்தது என்பதில் இன்றுவரை வழக்கு தீரவில்லை. 'சேயோ' என்ற பெண்பால் சுட்டுச்சொல்லின் வாரிசு என்கிறார்கள் ஒரு சாரார். 'ஹேயோ'வே 'ஹ்யோ' ஆகி 'ஷோ'வாகத் திரிந்தது என்கிறார்கள் இன்னொரு சாரார்; நார்ஸ் மொழியின் 'ஹ்யால்ட்லாண்ட்' ஷெட்லாண்ட் ஆனதைச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். எனக்கு இரண்டாவது தரப்பின் மேல் சாய்வு. பழைய சொல்லும் எளிதில் சாகவில்லை. எலிசபெத் கேஸ்கெல் 1848-இல் வெளியிட்ட 'மேரி பார்ட்டன்' நாவலில் மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர்கள் பெண்ணை 'ஹூ' என்றுதான் சொல்கிறார்கள்.

துறவிகளும் நெசவாளிகளும் பிரித்து வைத்ததைச் சட்டம் மறுபடி ஒன்றாக்கியது. ஆண்பால் சொல் பெண்ணையும் குறிக்கும் என்று 1850-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் விதித்தது. 1867-இன் வாக்குரிமைச் சட்டத்தில் 'மேன்' என்ற சொல் இருந்தது. அப்படியானால் நாங்களும் அதில் அடக்கம்தானே என்று மான்செஸ்டரில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் வாக்காளர் பட்டியலில் இடம் கேட்டார்கள். 1868 நவம்பரில் நீதிமன்றம் மறுத்துவிட்டது. வரிக்கும் தண்டனைக்கும் அடக்கம், வாக்குக்கு மட்டும் இல்லை! கப்பலை 'ஷி' என்பதா 'இட்' என்பதா என்று கடற்படைக்காரர்களும் பத்திரிகைக்காரர்களும் மல்லுக்கு நிற்பது இதன் முன் வெறும் பொழுதுபோக்கு.

அந்த இலக்கணம் கப்பலேறி இங்கும் வந்தது. 1860-இன் இந்திய தண்டனைச் சட்டம் எட்டாம் பிரிவிலேயே 'ஹி' என்றால் இருபாலாரும் என்றது. அதன் இடத்துக்கு வந்த 2023-இன் நியாய சம்ஹிதையும் 'ஹி'யை அப்படியே வைத்துக்கொண்டு, அதற்குள் திருநரையும் சேர்த்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ எல்லோரையும் 'ஷி' என்றே எழுதி, எப்பாலினரையும் அது குறிக்கும் என்று விளக்கமும் தந்தது. ஆண்களுக்கு இது உறுத்தினால் உறுத்தட்டும். பெண்கள் இதை ஒன்றரை நூற்றாண்டாகப் படித்துப் பழகியவர்கள். ஆனால் இந்த 'ஷி'யைக் கொண்டாடுகிறவர்கள் 44-ஆம் பிரிவு வரை படித்தார்களா தெரியவில்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கத்தரி வைத்திருப்பது அங்கேதான்.