மீனில்லாக் கூழ்

கூழ் என்ற சொல்லைக் கேட்டவுடன் வடபுலத்துத் தமிழர் மனத்தில் எழுவன இரண்டு பானைகள். ஒன்று, ஆடி முதல் நாளில் அரிசிமா, பயறு, பனங்கட்டி, தேங்காய்ப்பால் சேர்த்துக் காய்ச்சும் இனிப்புக் கூழ். நவாலியூர்ச் சோமசுந்தரப் புலவர் (1878–1953) சிறுவர்க்குப் பாடி வைத்தது அதனையே. மற்றது, ஒடியல் மாவுடன் மீனும் நண்டும் இறாலும் கூடிக் கொதிக்கும் உறைப்புக் கூழ். மூன்றாவதொன்றும் உண்டு; மீனை நீக்கி மரக்கறியால் நிறைத்த சைவக் கூழ். அதனைப் பற்றிப் பேசுவோர் குறைவு. "மீனில்லாததும் ஒரு கூழா?" என்று நகைப்போரே மிகுதி.

தில்லையடியில் இந்நகைப்பு இன்னும் பலமாகக் கேட்கும். களப்பு மீன் வாசலுக்கே வந்து விலைப்படும் ஊரல்லவா? மேலும், 1990ஆம் ஆண்டு ஒக்டோபரில் வடமாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் ஊர்களினின்று வெளியேற்றப்பட்டபோது, அவருட் பல்லாயிரவர் புத்தளம் மாவட்டத்தில் வந்து தங்கினர். தில்லையடியும் அவர்களுக்கு இடமளித்தது. உடைமைகளை விட்டு வந்தோர் நாவின் பழக்கத்தை விட்டு வரவில்லை. எம் அயல் வீட்டு மூதாட்டி ஒருவர் யாழ்ப்பாணத்திலிருந்து வரும் உறவினரிடம் முதலிற் கேட்பது ஒடியல் மாவையே. அதில் ஒரு பங்கு எம் வீட்டுக்கும் வரும். "வாத்தியார், நண்டு போடாமல் இதைக் காய்ச்சி என்ன செய்யப் போறீங்கள்?" என்ற கேள்வியும் கூடவே வரும்.

நாம் காய்ச்சுவது எம் அன்னையாருக்காக. எண்பது வயதைத் தாண்டியவர். மச்சம் விட்டுப் பல்லாண்டாயிற்று. சென்ற மாரியில் வந்த காய்ச்சல் நீங்கிய பின்னும் உணவில் மனம் செல்லவில்லை. சோற்றைப் பிசைந்து இரண்டு பிடி உண்பார். "பசிக்கவில்லை, தம்பி" என்று கோப்பையை ஒதுக்கிவிடுவார். முதியோர் சொல்லும் இச்சொல்லை அப்படியே நம்பலாகாது என்பது எம் கருத்து. பல் இல்லாமையும், தனியே இருந்து உண்ணும் சலிப்பும், பிறருக்குத் தொல்லை கொடுக்கலாகாதென்ற எண்ணமும் பசியின்மை என்ற ஒரே போர்வைக்குள் ஒளிந்துகொள்ளும். மாதத்துக்கு மாதம் வளையல் தளர்ந்து முழங்கையை நோக்கி ஏறுவதைக் கண்ட பின்னர், வாளாவிருக்க இயலவில்லை. கிளினிக்கில் வைத்தியர் மருந்தோடு சொன்னது ஒன்றே: சிறிது உண்டாலும் சத்துள்ளதாக உண்ணச் செய்யுங்கள்.

எம் மனைவியார் பாடசாலை செல்பவர். ஆதலின் விடுமுறை நாளில் அடுப்பு எம் பொறுப்பு. ஆண்மக்கள் அகப்பை பிடிப்பதை அதிசயமாகப் பார்க்கும் காலம் போய்விட்டது. போகாத வீடுகளிலும் போகவேண்டும்.

நால்வருக்கு ஒடியல் மா 150 கிராம் போதும். பனங்கிழங்கை அவிக்காமற் பிளந்து உலர்த்தி இடித்த மா இது. கைப்புடையது, சில மணி நேரம் நீரில் ஊறவிட்டு, மா அடியிற் படிந்ததும் மேல் நீரை வடித்துவிடல் வேண்டும். மரவள்ளிக்கிழங்கைத் தோல் நீக்கி நறுக்கி, மூடாத சட்டியில் வேறாக அவித்து, அந்நீரையும் கொட்டுக. மரவள்ளியுடன் இஞ்சி கூடாதென்று நம் பாட்டிமார் எச்சரிப்பர். இஞ்சியின் மீது பழி எவ்வளவு நியாயமோ, கிழங்கின் மீது ஐயம் நியாயமானதே. அதில் சயனைட்டு நஞ்சை விளைவிக்கும் பொருள் உண்டு. திறந்த சட்டியில் நன்றாக அவிக்கும்போது அது பெரிதும் நீங்கும்.

வேறொரு பானையில் இரண்டு லீற்றர் நீர் கொதித்ததும் ஒரு பிடி சிவப்பரிசியும், தோலுரித்துச் சன்னமாக அரிந்த பலாக்கொட்டையும் இடுக. பலாக்கொட்டை இல்லாக் காலத்தில் இரவே ஊறவைத்த கௌபி நன்று. எக்காலத்திலும் கௌபி சேர்ப்பதே நல்லதென்பேன். ஒடியல் மா பெரும்பாலும் மாப்பொருளும் நாருமே, தசை தேறப் புரதம் வேண்டும். இவை குழைந்த பின் பயற்றங்காய், பூசணி, அவித்த கிழங்கு, ஈற்றில் முருங்கையிலை. கூழில் தேங்காய்ச் சொட்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது வழக்கம். பல்லில்லாதவருக்கு அதனைத் துருவிப் போடுவதே முறை. செத்தல் மிளகாயையும் மஞ்சளையும் அரைத்துப் பழப்புளியிற் கரைத்து ஊற்றி, கொதி வந்ததும் ஒடியற் கரைசலைச் சேர்த்துக் கைவிடாது துழாவுக. துழாவுவதை நிறுத்தினால் கட்டிபடும், அடியும் பிடிக்கும்.

இனி உப்பு. நாடறிந்த உப்பளங்கள் உள்ள புத்தளத்தில் இருந்துகொண்டு உப்பைக் குறைத்துச் சமைப்பது வேடிக்கைதான். ஆனால் அன்னையாருக்கு இரத்த அழுத்தம் உண்டு. வளர்ந்தோருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பே போதுமென உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அஃது ஒரு தேக்கரண்டிக்கும் சற்றுக் குறைவு. "உப்புக் காணாது, தம்பி" என்று முதல் வாயிலேயே தீர்ப்பு வந்தது. உப்புப் போத்தலை எடுக்கவில்லை; இன்னுஞ் சிறிது பழப்புளி விட்டோம். புளிப்பும் உறைப்பும் முன்னிற்க, உப்பின் குறை நாவுக்கு அவ்வளவாய்த் தோன்றுவதில்லை. அன்று பலாவிலையைக் கோலித் தொன்னையாக்கிக் கொடுத்தோம். பிளாஸ்டிக் கிண்ணத்தில் வேண்டாமென்றவர் இலையில் நான்கு முறை வாங்கிக் குடித்தார். இடையிடையே தம் தாயார் வீட்டு முற்றத்துப் பானையின் பருமனையும் கைகளால் அளந்து காட்டினார்.

ஒன்று மாத்திரம் நினைவிலிருக்கட்டும். மரக்கறிக் கூழ் எவ்வளவு நிறைவானதாயினும் அதில் பி12 என்னும் உயிர்ச்சத்து இல்லை. முதியோர் உடல் அதனை ஏற்பதும் குறைவு. ஆகவே மச்சம் உண்ணாதோருக்குப் பாலோ தயிரோ நாடோறும் வேண்டும். தளர்ச்சி மிகுந்தால் வைத்தியரைக் கேட்டு மாத்திரையும் கொடுக்கலாம்.

மிஞ்சிய கூழ் மறுநாளைக்குள் இறுகிவிடும். ஆறியதும் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் வெந்நீர் விட்டுத் தளர்த்தி நன்கு கொதிக்கவைத்தாற் போதும். எம் வீட்டில் இப்போது அது மிஞ்சுவது அரிது. அயல் மூதாட்டிக்கென ஒரு செம்பு முன்னரே எடுத்து வைத்துவிடுகிறோம். நண்டில்லாத குறையை ஒவ்வொரு முறையும் சொல்லிக்கொண்டே, செம்பைக் கழுவித் திருப்பி அனுப்புகிறார்.