பெட்டைக் குருவிக்கு அவசரமாகப் பெயர் வைக்காதீர்கள்

2015-இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. நல்ல காரியம். எங்கள் வடக்குத்திலும் நாலைந்து பேர் பைனாகுலரும் கேமராவுமாக விடியற்காலையில் கிளம்பிவிடுகிறார்கள். அவர்கள் நடப்பதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. வீடு திரும்பிய பிறகு எழுதுகிறார்களே, அதோடுதான் சண்டை.

இந்த முறை வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. அறுப்பு முடிந்த கொல்லையில் ஒரு குருவி. மேலெல்லாம் மங்கிய மண் நிறம், கனத்த கூம்பு அலகு, வயிற்றில் மஞ்சள் பூசினாற்போல் ஒரு சாயல். ஐந்து நிமிடத்தில் தீர்ப்பும் வந்துவிட்டது: கருந்தலை பண்டிங், பெட்டை. எப்படித் தெரியும் என்று கேட்டேன். "செயலியே சொல்லுது சார்" என்றார்கள்.

செயலி சொல்லட்டும். பறவை என்ன சொல்கிறது?

கருந்தலை பண்டிங்கின் சேவலை அடையாளம் காண வித்தை வேண்டாம். கறுத்த தலை, செம்பழுப்பு முதுகு, பளிச்சென்ற மஞ்சள் வயிறு. செந்தலை பண்டிங் சேவலுக்குத் தலையும் மார்பும் செம்பழுப்பு. இரண்டும் மேற்கு, மத்திய ஆசியாவிலிருந்து குளிர்காலத்தில் வருபவை. குஜராத், மகாராஷ்டிரப் பக்கத்துத் தானிய வயல்களில் கூட்டமாக இறங்கும். தமிழ்நாட்டில் காண்பது அரிது.

தொல்லை பெட்டையிடம்தான். இரண்டு இனத்துப் பெட்டைகளும் அக்கா தங்கை மாதிரி இருக்கும். முதுகிலும் வாலடியிலும் செம்பழுப்புச் சாயல் இருந்தால் கருந்தலை, மஞ்சள் கலந்த பச்சைச் சாயல் இருந்தால் செந்தலை என்பார்கள். கேட்க எளிது, இறகு தேய்ந்த பறவையில், இளம் பறவையில், காலை வெயிலில் அந்தச் சாயலே கண்ணை ஏமாற்றும். போதாததற்கு வடக்கு ஈரானில் இரண்டும் கலந்து குஞ்சு பொரிக்கின்றன. கையில் பிடித்துப் பார்த்தே தடுமாறுகிறவர்கள் உண்டு.

அதற்கும் முன்னால், அது பண்டிங்தானா? நம் தூக்கணாங்குருவிச் சேவல் கூடு கட்டும் காலம் முடிந்ததும் மஞ்சள் தொப்பியைக் கழற்றிவிடும். மார்கழி, தை மாதங்களில் அதுவும் மண் நிறம், கனத்த அலகு, மஞ்சள் சாயல்தான். வாலைப் பாருங்கள். தூக்கணாங்குருவிக்குக் குட்டை வால். பண்டிங்குக்கு நீண்ட வால், வாலின் அடிப்பக்கத்தில் மஞ்சள். வந்த படத்தில் வால் ஒரு வரப்புக்குப் பின்னால் இருந்தது!

"ஒரு குருவியின் பெயர் மாறினால் குடியா முழுகிவிடும்?" என்று ஒரு நண்பர் கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் அந்தப் பக்கத்திலிருந்தே பதில் சொல்கிறேன்.

பிரெஞ்சுக்காரர் பியர் சொன்னரா 1782-இல் வெளியிட்ட பயண நூலில் நம் செஞ்சியின் பெயரில் பல பறவைகளை விவரித்தார். சாம்பல்தலை வானம்பாடி அவற்றில் ஒன்று. அது செஞ்சிக்குப் பொருத்தமான பறவை. ஆனால் பேங்க் மைனாவுக்கும் செஞ்சியின் பெயர் ஒட்டிக்கொண்டது. லேதம் 1790-இல் வைத்த 'ஜின்ஜினியானஸ்' என்ற பெயரைப் பெரும்பாலும் வட இந்தியாவில் வாழும் அந்த மைனா இன்றும் சுமக்கிறது. 'ஓர்ட்டோலான்' என்பது பிரான்சில் ஆசையாகத் தின்ற ஒரு பண்டிங். இங்கே வந்த வெள்ளைக்காரர்கள் அந்தப் பெயரைச் சின்ன வானம்பாடிகளுக்குச் சூட்டினார்கள். தென்னிந்தியாவில் அந்தச் சாம்பல்தலை வானம்பாடியையே சில சமயம் ஓர்ட்டோலான் என்றார்கள். பொருந்தாத பெயர் ஒன்று ஏறிவிட்டால் இருநூறு வருடம் போனாலும் இறங்குவதில்லை.

பென்ஷன் வாங்குகிற நமக்கு இது தெரியாததா? சர்வீஸ் ரிஜிஸ்டரில் பிறந்த தேதி ஒன்று தப்பாக ஏறினால், ஓய்வுபெறும் நாள் வரை துரத்தாதா?

2023-இல் வந்த 'இந்தியப் பறவைகளின் நிலை' அறிக்கை 942 இனங்களைப் பற்றிப் பேசுகிறது. அதற்கு ஆதாரம் சுமார் 30,000 பேர் தந்த 3 கோடிப் பதிவுகள். எந்தப் பறவை குறைகிறது, எதைக் காப்பாற்ற வேண்டும் என்று அதை வைத்துத்தான் சொல்கிறார்கள். அங்கே தூக்கணாங்குருவியைப் பண்டிங் என்று எழுதுவது பொய்ச் சான்றிதழில் கையெழுத்துப் போடுவதற்குச் சமம்.

தெரியாததைத் தெரியாது என்று எழுத அங்கே இடமும் இருக்கிறது. இ-பேர்டில் 'கருந்தலை அல்லது செந்தலை பண்டிங்' என்று சேர்த்தே பதியலாம். வெறுமனே 'பண்டிங்' என்றும் பதியலாம். அது கௌரவக் குறைச்சல் இல்லை. சேவல் கூட்டத்தோடு வந்ததா, வால் எவ்வளவு நீளம், வாலடி என்ன நிறம், எந்தப் பயிரில் மேய்ந்தது என்று நாலு வரி சேர்த்து எழுதுங்கள். பின்னால் வருகிறவன் பார்த்து முடிவு செய்வான்.

அடுத்த பொங்கலுக்கு நம் ஊர்க் கொல்லையில் இறங்கப் போகிற பிள்ளைகளிடம் இதை நீங்களும் சொல்லுங்கள். என் பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறார்கள்.