இனாம் இல்லை, பாக்கி

‘ஓசியில படிக்கிறவங்களுக்கு இவ்வளவு திமிரா?’ கல்லூரி அலுவலகச் சன்னலில் நின்ற நம் பிள்ளைகளில் இந்த வசனத்தைக் கேட்காதவர்கள் குறைவு. சொல்கிறவர் குமாஸ்தாவாக இருக்கலாம், தாளாளராகவும் இருக்கலாம். வாய்தான் வேறு, பேசுவது சாதி. அறக்கட்டளை என்று பெயர் வைத்து வருமான வரிவிலக்கு வாங்கிக் கல்லூரி நடத்துகிறவர்கள் அனுபவிப்பது ஓசி இல்லையாம். சேரிப் பிள்ளைக்கு வருகிற ஸ்காலர்ஷிப் மட்டும் ஓசியாம்.

இந்த ஸ்காலர்ஷிப் யார் போட்ட பிச்சையும் இல்லை. வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1942இல் தீண்டப்படாதோர் குறைகளை எழுதிக் கொடுத்து, அவர்களுடைய உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்க வேண்டும் என்று வாதாடினார். 1944இல் திட்டம் வந்தது. பணம் நின்றால் படிப்பு என்னாகும் என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் கொலம்பியாவுக்குப் போனவர் அவர். அந்த உதவித்தொகைக் காலம் முடிந்ததும் 1917இல் லண்டன் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பினார். மறுபடி லண்டன் போக 1920 ஆயிற்று. அம்பேத்கருக்கே மூன்று வருசம் போனது என்றால், முதல் தலைமுறையாய்க் கல்லூரி வாசலை மிதிக்கிற காலனிப் பெண்ணுக்கு என்ன ஆகும்? அவள் திரும்பி வருவதே இல்லை. கல்யாணம் பண்ணிக் கொடுத்துவிடுகிறார்கள்.

சரி, யாருக்குக் கொடுக்கிறார்கள்? குடும்ப வருமானம் வருசத்துக்கு இரண்டரை லட்சத்துக்கு மேல் போகக் கூடாது. 2013இல் வைத்த வரம்பு இது. 2021இல் மத்திய அரசு புது வழிகாட்டுநெறி போட்டபோதும் அதைத் தொடவில்லை. புருசன் பொஞ்சாதி இருவரும் ஆளுக்கு நாள் கூலி 350 ரூபாய் வாங்கி, ஒருநாள் விடாமல் வேலைக்குப் போனால் 2,55,500 ரூபாய். வரம்பு தாண்டிப் போச்சு! நகராட்சியில் நிரந்தரமாகக் குப்பை அள்ளுகிற தொழிலாளியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 15,700. அகவிலைப்படி 50 சதவீதமான 2024இலேயே மாதம் 23,550, வருசத்துக்கு 2,82,600. அவர் பிள்ளையும் ‘வசதியான’ பிள்ளை. ஆனால் 2019இல் 103ஆவது திருத்தம் வந்தபோது, மேல்சாதி ஏழைகளை அடையாளம் காண அதே மத்திய அரசு வைத்த வரம்பு எட்டு லட்சம். ஏழரை லட்சம் வாங்குகிற மேல்சாதிக்காரர் ஏழை. மூன்று லட்சம் வாங்குகிற துப்புரவுத் தொழிலாளி பணக்காரர். மனுநீதிக்கு வேறு உரை வேண்டுமா?

வரம்புக்குள் வந்தவர்களுக்கு எவ்வளவு? கட்டணம் போக, புத்தகம், பஸ், சாப்பாட்டுக்கென்று தருகிற படி, 2021 நெறிமுறைப்படி, பி.ஏ. படித்து வீட்டிலிருந்து வந்துபோகிற மாணவருக்கு வருசத்துக்கு 3,000 ரூபாய். மாதம் 250. ஒரு நாளைக்கு எட்டு ரூபாய், டீ குடிக்கக்கூடப் பத்தாது. அதுவாவது சேர்ந்தவுடன் வருகிறதா? நான் கூடமாட அலைந்த பிள்ளைகள் பலருக்கு வருசக் கடைசியில்தான் வந்தது. சிலருக்குப் படிப்பு முடிந்த பிறகு வந்தது. கேட்டால் ‘ஃபண்டு வரல’, ‘ஆதார் லிங்க் ஆகல’, ‘சர்வர் டவுன்’. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை 60க்கு 40 என்று செலவைப் பங்கு பிரித்தது. மத்தியப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கே போகும் என்றார்கள். போகட்டும். ஆனால் கல்லூரி காத்திருக்காதே! பரீட்சைக்கு முன்னால் ஹால் டிக்கெட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு ‘கட்டிட்டு வாங்கிக்க’ என்கிறது. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. பிறகு வருகிற ஸ்காலர்ஷிப் வட்டிக்காரனுக்கு.

மாதாமாதம் கொடுப்பது முடியாத காரியம் என்று யாரும் கதை விட வேண்டாம். 2022இல் புதுமைப்பெண் திட்டத்தையும் 2024இல் தமிழ்ப்புதல்வன் திட்டத்தையும் மாதம் ஆயிரம் ரூபாய் என்று அறிவித்துத் தொடங்கியது இதே தமிழக அரசுதான். எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் மாதாமாதம் போட வழி கண்டுபிடிக்க முடிந்தவர்களுக்கு, நம் பிள்ளைகளின் பணம் என்றால் மட்டும் கம்ப்யூட்டர் படுத்துவிடுகிறது.

வாங்கிய ஸ்காலர்ஷிப்பைத் தக்கவைப்பது அடுத்த பாடு. 75 சதவீத வருகை வேண்டும், அடுத்த வகுப்புக்குத் தேற வேண்டும். எட்டு ரூபாயில் வயிறு நிறையாத பையன் ராத்திரி கேட்டரிங் வேலைக்குப் போகிறான், காலையில் வகுப்பில் ஆள் இல்லை. வருகை குறைந்தது, ஸ்காலர்ஷிப் போனது. பசியில் விட்டவனிடமே ‘ஒழுங்கா வரல’ என்று கணக்குக் கேட்கிறது அரசு.

சுயநிதிக் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கும் என்று 2012இல் தமிழக அரசு ஆணை 92 போட்டது. தலித் கிறித்தவர்களையும் சேர்த்தது. நல்ல ஆணை. 2017இல் ஆணை 51 வந்து, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தவர்களை வெட்டிவிட்டது. ஊருக்குள் ஏஜெண்டை அனுப்பி ‘ஃபீஸே இல்லம்மா’ என்று பிள்ளை பிடிக்கிற கல்லூரிகள் இதை வாய் திறந்து சொல்வதில்லை. அசல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று 2018இல் பல்கலைக்கழக மானியக் குழு அறிவித்ததையும் சொல்வதில்லை. மார்க் ஷீட்டைப் பூட்டி வைத்துப் பணம் கேட்பது கல்லூரி நிர்வாகம் இல்லை, கொத்தடிமை முறை.

தோழர்களே, நமக்குள்ளும் பேச வேண்டியது இருக்கிறது. ஏப்ரல் 14க்கு மாலை வாங்க வசூல் செய்கிற நாம், சூன் மாதச் சேர்க்கையின்போது எங்கே இருக்கிறோம்? தலித் அழகியல் பற்றி ராத்திரி முழுக்க விவாதிக்கிற எழுத்தாளர்கள் ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுத்தோமா? ஒவ்வொரு காலனியிலும் சேர்க்கைக் காலத்தில் ஒரு மேசை போடுவோம். சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு மூன்றையும் கல்லூரி திறக்குமுன் சரிபார்ப்போம். எந்த ஒதுக்கீட்டில் சேர்க்கிறார்கள் என்று எழுத்தில் கேட்கச் சொல்வோம். பணம் கட்டாமலே சேர வழிசெய்கிற ஃப்ரீஷிப் கார்டு என்று ஒன்று அந்த நெறிமுறையிலேயே இருக்கிறது, அதைக் கேட்போம். கட்டிய ஒவ்வொரு ரூபாய்க்கும் ரசீது வாங்கி வைப்போம். ஹால் டிக்கெட்டை மறுத்தால் ஒற்றைப் பிள்ளையை அனுப்பாமல் ஊரே திரண்டு போவோம்.

கோரிக்கை இரண்டுதான். அவர்களுக்கு எட்டு லட்சம் வறுமை என்றால் எங்களுக்கும் எட்டு லட்சம். சேர்ந்த மாதமே பணம். இந்த நாட்டின் வயலையும் தெருவையும் சாக்கடையையும் கூலியில்லாமலும் அரைக்கூலிக்கும் சுமந்த சனங்களுக்குச் சேர வேண்டிய பாக்கியில் இது சில்லறை. சில்லறையைக் கேட்கவே குனிந்து நின்றால் முதலை எப்போது கேட்பது?